பீர் காய்ச்சும் தானியங்கி இயந்திரத்தைப் புதுச்சேரிக்குக் கொண்டுவரலாமா?

லாசுப்பேட்டையார் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் லாசுப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவன். வேலை நிமித்தமாகப் பிரான்சின் ஸ்திராஸ்பூர் நகரில் குடியிருக்கிறேன். குடும்பத்தோடு புதுச்சேரிக்குத் திரும்பிவிடுவது என்று இப்போது முடிவாகியிருக்கிறது. இங்கே என் வீட்டு நிலவறையில், ஓர் எஃகு அண்டா, எரிவாயு அடுப்பு, வெப்பமானி, சாற்றை நொதிக்கவைக்கும் நொதிக்கலன் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு வீட்டுத் தேவைக்குப் பீர் காய்ச்சி வருகிறேன். இந்த நகரை உள்ளடக்கிய அல்சாஸ் பகுதி பீருக்கும், அதற்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் சாகுபடிக்கும் பெயர் பெற்றது என்பதால் மூலப்பொருள்களுக்குக் குறைவில்லை. நிலவறை கோடையிலும் குளிர்ச்சியாகவே இருப்பதால், நொதித்தலைப் பற்றி நான் தனியாகக் கவலைப்பட நேர்ந்ததில்லை.

ஊர் திரும்பும்போது நல்ல தானியங்கி இயந்திரம் ஒன்றை வாங்கி, வீட்டுச் சாமான்களோடு கப்பலில் அனுப்பலாம் என்று எண்ணுகிறேன். ரைன் ஆற்றைக் கடந்தால் ஜெர்மனி என்பதால், ஸ்பைடல் நிறுவனத்தின் 20 லிட்டர் பிராவ்மைஸ்டரை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. நொறுக்கிய மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியை, தாங்கும் உருளை, அது ஊறிய சாற்றை அடியிலிருந்து மேலாகச் சுழற்றும் பம்பு, வெப்பநிலைப் படிகளை வரிசையாக நிறைவேற்றும் கட்டுப்பாட்டுப் பெட்டி எல்லாம் ஒரே பாத்திரத்துக்குள் அடங்கியிருந்த நேர்த்தி என்னைக் கவர்ந்தது. நியூசிலாந்தில் உருவான கிரெய்ன்ஃபாதர் இயந்திரத்தையும் மனத்தில் வைத்திருக்கிறேன். குளிரூட்டியும் நொதிக்கலனும் சேர்ந்தால் இரண்டுமே கையைக் கடிக்கும் விலைதான்.

புதுச்சேரியின் வெப்பம், உப்பேறிய நிலத்தடி நீர், மின்னழுத்த ஏற்றத்தாழ்வு ஆகியவற்றுக்கு நடுவே இத்தகைய இயந்திரம் அதன் விலைக்கேற்ற பயனைத் தருமா? பழைய அண்டாவையே கொண்டுவந்து, மிச்சப் பணத்தை வேறொன்றில் போடுவது மேலா? மரக்காணம், கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, வீட்டில் காய்ச்சும் எதுவும் விஷமாகிவிடும் என்று என் தாயார் அஞ்சுகிறார். அவருக்கு நான் என்ன விளக்கம் சொல்வது என்பதையும் அறிந்தவர்கள் எழுத வேண்டுகிறேன்.

முத்தியால்பேட்டை வழக்குரைஞர்:

ஐயா, இயந்திரத்தைப் பற்றிய பேச்சுக்கு முன்பாகச் சட்டத்தைச் சொல்லிவிடுவது என் கடமை. புதுச்சேரியில் மதுக்கடைகள் தாராளமாக இருப்பதைப் பார்த்து, வீட்டில் காய்ச்சிக்கொள்ளவும் தடை இருக்காது என்று வெளிநாட்டிலிருந்து திரும்புவோர் பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. 1970ஆம் ஆண்டின் புதுச்சேரி கலால் சட்டப்படி மது வகைகளைத் தயாரிக்க உரிமம் வேண்டும். பீரும் அவற்றுள் ஒன்றுதான். விற்கவில்லை, நானே குடிக்கிறேன் என்பது அங்கே காப்பாகாது. எல்லையைத் தாண்டிக் கடலூரில் குடியேறினாலோ, 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் இன்னும் கடுமையானது. அனுமதியின்றி மது தயாரிப்பதற்காகப் பாத்திரங்களையும் கருவிகளையும் வைத்திருப்பதே அதன்படி குற்றம். கள்ளக்குறிச்சிச் சம்பவத்துக்குப் பின் 2024இல் தண்டனைகளையும் கூட்டிவிட்டார்கள். புதுச்சேரியில் முறைப்படி உருவான பீரையும் கடலூர் நண்பர்களுக்காக ஆல்பேட்டைச் சோதனைச் சாவடி வழியே எடுத்துச் செல்ல முடியாது.

ஆகவே உங்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உணவகத்தோடு இணைந்த சிறு பீர் ஆலைக்கான உரிமம் பெற்றவரோடு சேர்ந்து, அந்த உரிமத்தின் வரம்புக்குள் இயந்திரத்தை இயக்குவது. மற்றொன்று, ஈஸ்ட் சேர்க்காமல், மதுவற்ற மால்ட் பானத்தோடு நிறுத்திக்கொள்வது. எந்த வழியைத் தேர்ந்தாலும், பெட்டி கப்பலேறுவதற்கு முன்பே கலால் துறையிடம் எழுத்து மூலமாகக் கேட்டுப் பதில் பெற்றுக்கொள்ளுங்கள்.

லாசுப்பேட்டையார்:

தெளிவாக எடுத்துரைத்ததற்கு நன்றி, ஐயா. உரிமமின்றி வீட்டில் காய்ச்சும் எண்ணத்தை இத்துடன் கைவிடுகிறேன். என் மைத்துனர் புதுச்சேரியில் உணவகம் நடத்துகிறார். அதற்குச் சிறு பீர் ஆலை உரிமம் கோருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். உரிமம் கிடைத்தால், பெரிய கலன்களில் காய்ச்சுவதற்கு முன் செய்முறைகளைச் சோதித்துப் பார்க்கும் முன்னோட்டக் கருவியாக இந்த இயந்திரத்தை அங்கேயே வைக்கலாம். அந்த நோக்கில் பார்த்தால் உங்கள் கருத்து என்ன?

கோட்டக்குப்பத்து ப்ரூவர்:

உரிமம் பெற்ற உணவகம் ஒன்றில் பீர் காய்ச்சுவதே என் தொழில். முன்பு பெங்களூருவில் இதே வேலையைச் செய்தவன் என்பதால், இரு ஊர்களின் வேறுபாடு எனக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் பார்த்து மகிழ்ந்த இயந்திரம் பீரின் சூடான பாதியை மட்டுமே பார்த்துக்கொள்கிறது. புதுச்சேரியில் பீர் தேறுவதும் கெடுவதும் குளிர்ந்த பாதியில்தான்.

சூடான பாதியில் நடப்பது இதுதான். நொறுக்கிய மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது, அதிலுள்ள பீட்டா அமைலேஸ் என்னும் நொதி 62 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரையிலும், ஆல்ஃபா அமைலேஸ் என்னும் நொதி 72 டிகிரியை ஒட்டியும் சிறப்பாகச் செயல்பட்டு, மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. முதல் படியில் அதிக நேரம் நிறுத்தினால் பீர் வறண்டதாகவும் மெலிந்ததாகவும் அமையும். 68 டிகிரிக்கு மேல் தொடங்கினால் நொதிக்காத சர்க்கரை மிஞ்சி, வாயில் கனம் சேரும். இந்தப் படிகளைத் துல்லியமாகப் பிடித்து நிறுத்துவதிலும், 78 டிகிரியில் ஊறலை முடித்து, பிறகு ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பதிலும் உங்கள் இயந்திரம் சிறந்ததுதான். ஒரே செய்முறையைத் திரும்பத் திரும்ப மாறாமல் செய்து பார்க்க வேண்டிய முன்னோட்ட வேலைக்கு அந்தத் துல்லியம் மதிப்புள்ளது. சொல்லப்போனால் நம் ஊர் வெப்பம் இந்தப் பாதிக்கு உதவவே செய்கிறது. குழாய் நீர் 10 டிகிரிக்குப் பதிலாக 30 டிகிரியில் வருவதால், 25 லிட்டரைச் சூடாக்குவதில் அரை யூனிட்டுக்கு மேல் மின்சாரம் மிச்சமாகும்.

அதே 30 டிகிரி நீர்தான் அடுத்த கட்டத்தில் இடையூறாகிறது. கொதித்து முடிந்த சாற்றை விரைவாக 20 டிகிரியை ஒட்டிக் குளிர்வித்த பிறகுதான் ஈஸ்ட் சேர்க்க வேண்டும். ஸ்திராஸ்பூரில் குழாயைத் திறந்து குளிர்விப்புச் சுருளில் விட்டால் வேலை முடிந்துவிடும். இங்கே எத்தனை லிட்டர் நீரைச் செலவழித்தாலும், நீரின் வெப்பநிலைக்குக் கீழே சாறு இறங்காது. சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் வருவதை நீங்களே அறிவீர்கள். எனவே இரண்டு கட்டமாகக் குளிர்வியுங்கள். முதலில் குழாய் நீரால் 35 டிகிரி வரை இறக்கிவிட்டு, பிறகு ஒரு தொட்டியில் பனிக்கட்டியும் நீரும் நிரப்பி, சிறு பம்பினால் அந்த நீரைச் சுருள் வழியே சுழலவிட வேண்டும். தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு வரும் பனிக்கட்டியே இதற்குப் போதும், ஏனென்றால் அது சுருளின் மறுபக்கத்தில்தான் ஓடுகிறது, பீரைத் தொடுவதில்லை. ஒரு கிலோ பனிக்கட்டி உருகும்போது 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சும். 20 லிட்டர் சாற்றை 35இலிருந்து 18 டிகிரிக்குக் கொண்டுவரக் கணக்குப்படி நான்கு கிலோ போதுமென்றாலும், வழியில் வீணாவதையும் சேர்த்து எட்டு, பத்து கிலோ வாங்கி வைப்பது நல்லது.

அதன் பிறகு வருவது நொதித்தல். மிதமான வெப்பத்தில் விரைவாக நொதிக்கும் ஏல் வகைப் பீருக்கான சாதாரண ஈஸ்ட் 18 முதல் 22 டிகிரியிலும், குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் வகைப் பீருக்கான ஈஸ்ட் 9 முதல் 13 டிகிரியிலும் வேலை செய்ய விரும்பும். நொதித்தல் தானே வெப்பத்தை வெளியிடுவதால், கலனுக்குள் அறையைவிடச் சில டிகிரி கூடுதலாகவே இருக்கும். நம் வீட்டு அறை வெப்பத்தில் இட்லி மாவு ஓரிரவில் பொங்குவதைப் போல ஈஸ்ட்டும் மட்டுமீறிப் பொங்கி, தொண்டையை எரிக்கும் உயர் ஆல்கஹால்களையும், நெயில் பாலிஷ் போன்ற மணத்தையும் உண்டாக்கிவிடும். முதல் மூன்று நாள்களில் அப்படிக் கெட்டதைப் பிறகு எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. குளிர்சாதன அறையை நம்புவதும் போதாது. அது காற்றைத்தான் குளிர்விக்கிறது, கலனின் நடுப்பகுதியை அன்று.

ஆகையால் ஐஸ்கிரீம் கடைகளில் இருக்கும் டீப் ஃப்ரீசர் ஒன்றை வாங்கி, வெளிப்புற வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக் கருவியை அதனோடு இணைத்து, உணரியைக் கலனின் சுவரில் ஒட்டி, அதன் மேல் வெப்பக்காப்புப் பட்டையைச் சுற்றிவிடுங்கள். வசதியிருந்தால், உறையாத கிளைக்கோல் கரைசலைக் குளிர்வித்துச் சுழலவிடும் குளிரூட்டியும், உள்ளே சுருள் பொருத்திய கூம்பு நொதிக்கலனும் இன்னும் சிறந்தவை. முதல் செலவு இதற்காக இருக்கட்டும், மிச்சமிருந்தால் இயந்திரம்.

மின்சாரத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2000 வாட் இயந்திரம் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குச் சற்றுக் குறைவாக இழுக்கும். எனவே 16 ஆம்பியர் இணைப்பும் நல்ல நில இணைப்பும் கட்டாயம். மின்னழுத்தம் 190க்கு இறங்கினால், வெப்பத் திறன் அந்த விகிதத்தின் இருமடியாகக் குறைந்து 1400 வாட்டுக்கும் கீழே போய்விடும். கொதிப்பு தளர்ந்து, வேகவைத்த சோளத்தின் வாடை பீரில் தங்கிவிடக்கூடும். மின்சாரம் போய் மீண்டால், விட்ட இடத்திலிருந்து தொடரும் வகைதானா என்பதை வாங்கும் முன் கேளுங்கள். இயந்திரத்தை இன்வெர்ட்டரில் ஓட்ட முயல வேண்டாம். அந்தப் பாதுகாப்பை நொதிக்கலனின் குளிரூட்டிக்குக் கொடுங்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயலும், 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயலும் நம் கரையைக் கடந்த பிறகு மின்சாரம் எப்படி இருந்தது என்பதை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. ஐப்பசி, கார்த்திகையில் லாகர் தொடங்காமல் இருப்பதே என் வழக்கம்.

கடலூர் முதுநகர் நீர் ஆய்வாளர்:

தண்ணீரைப் பற்றி நான் சொல்கிறேன், அம்மாவின் அச்சத்தைப் பற்றியும். பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீர்தான். புதுச்சேரியிலும் கடலூரிலும் கரையோர ஆழ்துளைக் கிணறுகளில் கடல்நீர் ஊடுருவியிருப்பதால், ஒரே தெருவின் இரு முனைகளில்கூட நீரின் தன்மை மாறும். குடிநீருக்கான இந்தியத் தரநிலை குளோரைடை லிட்டருக்கு 250 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கதாகக் கொள்கிறது; அதைத் தாண்டினால் பீரில் உவர்ப்பு வெளிப்படும். பைகார்பனேட் மிகுந்த நீர் ஊறலின் பி.எச். அளவை உயர்த்திவிடும். 5.2 முதல் 5.6 வரை இருக்க வேண்டிய அந்த அளவு 6ஐ நெருங்கினால், நொதிகளின் வேலை மந்தமாவதோடு உமியிலிருந்து துவர்ப்பும் இறங்கும். இந்தக் குறையை எத்தனை விலையுயர்ந்த இயந்திரமும் கண்டுகொள்ளாது. அது வெப்பநிலையை மட்டுமே அளக்கிறது.

எனவே முதலில் உங்கள் கிணற்று நீரையோ நகராட்சி நீரையோ ஆய்வகத்தில் கொடுத்து, கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்ஃபேட், காரத்தன்மை ஆகிய ஆறையும் தனித்தனியாக அளந்து வாங்குங்கள். மொத்த உப்பின் அளவை மட்டும் காட்டும் பேனா மீட்டர் இதற்குப் பயன்படாது. உவர்நீராக இருந்தால் ஆர்.ஓ. நீரை அடிப்படையாக வைத்து, உணவுத்தரக் கால்சியம் குளோரைடையும் ஜிப்சத்தையும் அளவாகச் சேர்த்து, கால்சியத்தை லிட்டருக்கு 50 முதல் 100 மில்லிகிராமுக்குக் கொண்டுவரலாம். குளோரைடு ஓங்கினால் மால்ட்டின் இனிமை முன்னே நிற்கும். சல்ஃபேட் ஓங்கினால் ஹாப்ஸின் கசப்பு கூர்மையாகும். நகராட்சி நீரில் குளோரின் இருந்தால், பொட்டாசியம் மெட்டாபைசல்ஃபைட்டை மிகச் சிறிய அளவில் சேர்த்து நீக்கிவிடுங்கள். இல்லையெனில் மருத்துவமனை வாடை வீசும். உப்புக்காற்று கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்சுற்றுகளை அரிக்கும் என்பதால், கடலை ஒட்டிய கட்டடத்தில் இயந்திரத்தைத் திறந்த வெளியில் வைக்க வேண்டாம். பிளீச்சிங் கரைசலால் எஃகைக் கழுவவும் வேண்டாம். குளோரின் எஃகில் குழிகள் இடும்.

அம்மாவிடம் இப்படிச் சொல்லுங்கள். 2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்திலும் உயிர்களைப் பறித்தது, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலைச் சாராயம் என்று விற்ற கொடுமை. நொதித்தல் அதற்குக் காரணமன்று. நொதித்தலின்போது வரும் சிறிதளவு மெத்தனால் பெரும்பாலும் பழங்களில் உள்ள பெக்டின் என்னும் பொருளிலிருந்து பிறப்பது. பார்லியில் பெக்டின் மிகக் குறைவு. பீரைக் காய்ச்சி வடித்துச் செறிவாக்குவதும் இல்லை. ஆகவே அவர் அஞ்சும் நஞ்சு தீங்கு செய்யும் அளவில் இதில் உண்டாக வழியில்லை. ஆனால் நொதித்தல் முடிவதற்கு முன் பாட்டிலில் அடைத்தால் அழுத்தம் கூடிக் கண்ணாடி வெடிக்கும். அது உண்மையான ஆபத்து. மிஞ்சிய சர்க்கரையை அறிய உதவும் அடர்த்திமானி தொடர்ந்து மூன்று நாள்கள் ஒரே அளவைக் காட்டிய பிறகே அடைக்க வேண்டும்.

மெல்பர்ன் வில்லியனூரான்:

இயந்திரத்தை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஒரே ஒரு சொல். இணையச் சேவையை நம்பி ஓடும் இயந்திரத்தை வாங்காதீர்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் தோன்றிய பிகோப்ரூ நிறுவனம் 2013இல் மக்களிடம் நிதி திரட்டி ஸைமாட்டிக் என்ற தானியங்கி இயந்திரத்தைக் கொண்டுவந்தது. மால்ட்டையும் ஹாப்ஸையும் உரிய அறைகளில் இட்டுவிட்டால், ஊறவைப்பதையும் கொதிக்கவைப்பதையும் அதுவே செய்யும். ஆனால் செய்முறைகள் நிறுவனத்தின் சர்வரில் இருந்தன. 2020இல் நிறுவனம் மூடப்பட்டபோது, நல்ல நிலையில் இருந்த இயந்திரங்களும் கைவிடப்பட்டன. ஆர்வலர்கள் சிலர் மாற்று சர்வர் நிரலை எழுதி அவற்றை மீட்டார்கள் என்றாலும், எல்லோராலும் அது இயலாது. நிறுவனம் மறைந்தாலும் பொத்தானை அழுத்தி வெப்பநிலையையும் நேரத்தையும் நாமே அமைக்கக்கூடிய, உள்ளூர் மின்பணியாளர் ஹீட்டரையும் பம்பையும் மாற்றக்கூடிய இயந்திரமே புதுச்சேரிக்கு ஏற்றது. பம்பு, உணரி, சீல் வளையங்கள் ஆகிய ஒவ்வொன்றிலும் ஒரு கூடுதல் பிரதியை இயந்திரத்தோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

லாசுப்பேட்டையார்:

எல்லோருக்கும் என் நன்றி. ப்ரூவர் அவர்களிடம் மட்டும் இன்னொன்று கேட்க விரும்புகிறேன். குளிரூட்டலின் சுமையைக் குறைக்கும் ஈஸ்ட் வகைகள் உண்டா? நம் பக்கத்துத் தானியங்களைச் சேர்க்க நினைத்தால் இயந்திரம் உதவுமா?

கோட்டக்குப்பத்து ப்ரூவர்:

உண்டு. நார்வேயின் பண்ணை வீடுகளில் தலைமுறைகளாகக் காத்துவந்த க்வெய்க் என்னும் ஈஸ்ட் குடும்பம் நம் பருவநிலைக்கென்றே அமைந்ததைப் போன்றது. அவற்றுள் வாஸ் பகுதியிலிருந்து வந்த வகை 30 முதல் 40 டிகிரி வரை கெட்ட மணமின்றி நொதிக்கும். ஆரஞ்சுத் தோலின் வாசம் லேசாக வரும். முதன்மை நொதித்தலும் சில நாள்களிலேயே முடிந்துவிடும். பெல்ஜியத்தின் செய்சோன் வகை ஈஸ்ட்களும் 30 டிகிரியை ஒட்டித் தாங்கும். ஆனால் உங்கள் உணவகத்துக்கு வருபவர்களில் பலர் தெளிந்த, மென்மையான லாகரையும் கோதுமை பீரையும் கேட்பார்கள். அவற்றுக்குக் குளிர் இல்லாமல் வழியில்லை. உலர் ஈஸ்ட் பொட்டலங்களைக் குளிர்பெட்டியிலும் ஹாப்ஸை உறைநிலையிலும் வையுங்கள். மால்ட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் வைக்காவிட்டால், மழைக்காலத்தில் ஈரம் ஏறி வண்டு பிடிக்கும்.

தானியங்களைப் பொறுத்தவரை உங்கள் இயந்திரம் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன். விருத்தாசலம் பக்கத்துக் கம்பின் மாவுச்சத்து பார்லியைவிட அதிக வெப்பத்தில்தான் இளகும் என்பதால், அதை மாவாக்கித் தனியே கொதிக்கவைத்துக் களியாக்கி, பிறகு பார்லி ஊறலோடு சேர்க்க வேண்டும். சேர்த்த பின் 63 டிகிரி, 72 டிகிரி என்று படிப்படியாக ஏற்றி நிறுத்துவதை அண்டாவில் கையால் செய்தால் அடிப்பிடிக்கும் அபாயம் உண்டு. சாற்றைச் சுழற்றிக்கொண்டே சூடாக்கும் இயந்திரம் அதைச் சீராகச் செய்யும். கம்பை மொத்தத் தானியத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குள் வைத்துத் தொடங்குங்கள். அதற்கு உமி இல்லாததால், பங்கு கூடினால் சாறு வடியாமல் அடைத்துக்கொள்ளும். பண்ருட்டிப் பலாச்சுளையைச் சேர்க்க ஆசையிருந்தால் கொதியில் போடாமல், முதன்மை நொதித்தல் அடங்கிய பிறகு, லேசாக வெதுப்பி ஆறவைத்த கூழாகச் சேருங்கள். மணம் அப்போதுதான் நிற்கும். பலாவின் சர்க்கரை மறுபடியும் நொதிக்கும் என்பதால், நீர் ஆய்வாளர் சொன்ன அடர்த்தி அளவீட்டை அதன் பிறகு புதிதாகத் தொடங்க வேண்டும்.